கடைமடையில் ஊற்றெடுத்த மின்சாரம்

ஆடி மாதம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் முப்பந்தல் தாண்டும்போது இதைக் கவனித்திருப்பார்கள். ஜன்னலோரம் உட்கார முடியாத அளவுக்குக் காற்று அடிக்கும், மலையடிவாரம் முழுக்க இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும், நடுவில் நாலைந்து காற்றாலைகள் மட்டும் அசையாமல் நிற்கும். பழுதாக இருக்கலாம், பராமரிப்பாக இருக்கலாம். ஆனால் சில நேரம் இரண்டுமே இல்லை. "லைன் ஃபுல், நிறுத்துங்க" என்று மின்வாரியத்திலிருந்து சொல்லியிருப்பார்கள். பேக்டவுன் என்று அதற்குப் பெயர்.

காற்று இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, மின்சாரத்துக்குத் தேவையும் இருக்கிறது, கம்பி மட்டும் நிரம்பிவிட்டது. கம்பி எப்படி நிரம்பும்?

தண்ணீர்க் குழாயை உதாரணம் சொல்வது வழக்கம், அது பாதிதான் பொருந்தும். குழாய் கொள்ளாவிட்டால் தண்ணீர் குறைவாக வரும், அவ்வளவுதான். மின்கம்பி மாட்டேன் என்று சொல்லாது. தள்ளத் தள்ள எடுத்துக்கொண்டே போகும், சூடாகும், சூட்டில் நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்து ஒரு நாள் கீழே நிற்கும் மரத்தைத் தொடும். அதற்கு முன்னால் எங்கே நிறுத்துவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு சூடு தாங்கலாம், எந்த வெயிலுக்கு, எந்த விபத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு எழுதி வைத்த எண்தான் ஒரு லைனின் கொள்ளளவு. பழைய கட்டமைப்பில் கூடுதல் மின்சாரம் அனுப்புகிற வேலையில் பெரும்பகுதி இந்த எண்ணோடு மல்லுக்கட்டுவதுதான்.

இந்த வலை முதலில் யாருக்காகப் பின்னப்பட்டது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தெற்கின் பாதிப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் பைகாரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். மூன்றுமே நீர்மின் நிலையங்கள். பைகாரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கிக் கோவைப் பஞ்சாலைகளுக்குப் போனது, அப்புறம் கிணற்றுப் பம்புசெட்டுகளுக்கு. பின்னால் வந்த குந்தாவும் அதே மலைதான். வாய்க்கால் பாசனத்தின் அமைப்பை அப்படியே மின்சாரத்துக்குப் போட்டது போல இருக்கும்: தலைமடையில் பருமனான கம்பி, கிளை பிரியப் பிரிய மெலிந்துகொண்டே போய், கடைமடையில் ஒரு தெருவிளக்கையும் நாலு மோட்டாரையும் ஓட்டுகிற அளவுக்கு ஒரு கம்பி. பாபநாசத்திலும் மின்சாரம் பிறந்தது என்றாலும் அது சின்ன நிலையம். 1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது தெற்குக்குப் பெரிய லைன்கள் வந்தன, ஆனால் அவை அனல் நிலையத்துக்காகப் போட்டவை. ஆரல்வாய்மொழி, ராதாபுரம், கயத்தாறு பக்கத்துக் காட்டுப் பகுதிகள் கடைமடையாகவேதான் இருந்தன.

அந்தக் கடைமடையில்தான் ஊற்று வெடித்தது. 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சின்னதாக ஆரம்பித்த காற்றாலை, 1990களில், போட்ட மூலதனத்தை ஒரே வருடத்தில் முழுத் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை வந்ததும் மளமளவென்று பெருகியது. வாங்கியவர்களில் பலர் பஞ்சாலைக்காரர்கள். இயந்திரம் ஆரல்வாய்மொழியில் நிற்கும், அதன் யூனிட்டுகள் கோவையில் இருக்கும் ஆலையின் கணக்கில் கழியும். அதாவது ஓடையில் தண்ணீர் எதிர்த்திசையில், கடைமடையிலிருந்து தலைமடைக்கு ஏற வேண்டும். இன்று தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நல்ல காற்று நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைக்கிறது.

அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. 200, 250 கிலோவாட் அளவில் இருந்த அவை பெரும்பாலும் சாதாரண இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள். மின்சாரம் கொடுக்கும்போதே, தன் காந்தப்புலத்தைத் தக்கவைக்க ரியாக்டிவ் பவரை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் காந்தப்புலத்துக்காக மட்டும் போய்வருகிற மின்சாரத்தை, லைனிலிருந்து இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் இழுத்தால் வாரியம் தனியாகக் கட்டணம் போடும். கடைமடையில் ஏற்கெனவே வோல்டேஜ் தள்ளாடும், அதில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றாக ரியாக்டிவ் பவரை உறிஞ்சினால் என்ன ஆகும்? கம்பியில் இடம் இருந்தும் வோல்டேஜ் நிற்காமல் ட்ரிப் ஆகும். ரியாக்டிவ் பவரை அங்கேயே கொடுக்கிற கெப்பாசிட்டர் பேங்குகளைச் சரியாகப் பராமரித்தாலே பல இடங்களில் கொஞ்சம் கூடுதல் மெகாவாட் வெளியே போகும், ஆனால் கெப்பாசிட்டருக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை.

சரி, கம்பிக்கு வருவோம். தமிழ்நாட்டின் 110 கே.வி. (கிலோவோல்ட்) லைன்களில் அதிகம் இருப்பது பேந்தர் என்ற கம்பி. நடுவில் எஃகு, சுற்றி அலுமினியம். இந்தக் கம்பிகளுக்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மிருகப் பெயர்கள்: சின்னது ஸ்குவிரல், ராபிட், பெரியது பேந்தர், ஸீப்ரா, மூஸ். (மூஸ் என்ற குளிர்நாட்டு மானை இங்கே ஒரு லைன்மேனும் பார்த்திருக்க மாட்டார், ஆனால் 400 கே.வி. என்றாலே மூஸ்தான்.) இந்த மிருகக் கூட்டத்துக்கு நடுவில் குந்தா என்றும் ஒரு கம்பி இருக்கிறது, நம் நீலகிரிக் குந்தாதான். பேந்தர் கம்பி 40 டிகிரி வெயிலில், 75 டிகிரி வரை சூடாகலாம் என்ற கணக்கில், 350 முதல் 400 ஆம்பியர் வரை கொண்டுபோகும். 110 கே.வி.யில் அது ஏறத்தாழ 70 மெகாவாட். இப்போது வருகிற காற்றாலை ஒவ்வொன்றும் 2, 3 மெகாவாட். முப்பது இயந்திரம் ஒன்றாகச் சுற்றினால் ஒரு சர்க்யூட், அதாவது மூன்று கம்பி சேர்ந்த ஒரு தொகுதி, நிரம்பிவிட்டது.

ஒரு சர்க்யூட்டுக்கு 70 என்றால், இரண்டு சர்க்யூட்டைச் சுமக்கும் கோபுரத்தில் 140 என்று அர்த்தம் இல்லை. ஒன்று திடீரென்று விழுந்தால் அதன் சுமை முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மற்றதுக்கு மாறும், அதுவும் தாங்க வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே 70க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பான வழக்கம். பக்கத்தில் வேறு வழி இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு "பாதி காலியாத்தானே இருக்கு" என்று தோன்றும். அந்தப் பாதிதான் காப்பீடு.

இந்தக் காப்பீட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜூலை 30, 31 இரண்டு நாள் போதும். வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு என்று 60 கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி இருண்டது. தொடங்கியது மத்தியப் பிரதேசத்தில், பினா-குவாலியர் 400 கே.வி. லைனில். அந்த லைன் சூட்டில் அறுந்துவிடவில்லை. சுமை ஏறி வோல்டேஜும் இறங்கியதால், தூரத்தில் எங்கோ ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டது என்று லைனைக் காவல் காக்கும் ரிலே என்ற கருவி தப்பாகப் புரிந்துகொண்டு அதைத் துண்டித்தது. ஆக, கம்பி தாங்கும் என்றாலும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ரிலேயின் செட்டிங் பழையதாக இருந்தால் கொள்ளளவு ரிலே சொல்வதுதான். இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த வழித்தடத்தின் இன்னொரு சர்க்யூட் அப்போது ஷட்டவுனில் இருந்தது. எதற்கு? அதை 765 கே.வி.க்கு உயர்த்துகிற வேலைக்கு. கொள்ளளவைக் கூட்டுவதற்காக ஒரு சர்க்யூட்டை நிறுத்திய நேரத்தில்தான் மற்றது விழுந்தது.

பழைய கிரிட்டை, அதாவது இந்த மின்வலையை, பலப்படுத்துவதில் உள்ள சிக்கல் இதற்குள்ளேயே இருக்கிறது. புதுக் கம்பி கடையில் கிடைக்கிறது. கார்பன் இழைகளை நடுவில் வைத்துச் செய்த கம்பி, 150 டிகிரிக்கு மேல் சூடானாலும் அதிகம் தொய்யாது. பழைய கோபுரத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் மாற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆம்பியர் போகும். புது நிலம் வேண்டாம், புது வழக்கு வேண்டாம், விலைதான் பல மடங்கு. இந்தியாவில் பல மாநிலங்களில் இந்த வகைக் கம்பி போடப்பட்டிருக்கிறது. ஆனால் கம்பி மாற்ற எல்.சி. வேண்டும். லைன் கிளியர், அதாவது இந்த லைனில் மின்சாரம் இல்லை, ஏறலாம் என்று எழுத்தில் கொடுக்கிற அனுமதி. வாரியத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் எல்.சி. என்ற வார்த்தையை எந்த மரியாதையோடு சொல்வார்கள் என்று தெரியும், அதில் ஒரு தவறு நடந்தால் போவது உயிர்.

தெற்கத்தி லைனுக்கு எப்போது எல்.சி. கொடுப்பது? மே மாதத்திலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரை காற்றுக் காலம், அப்போது நிறுத்தினால் பேக்டவுன் இன்னும் கூடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல், கோபுரத்தில் ஆளை ஏற்ற முடியாது. மார்ச்சில் பரீட்சை, கரண்ட் போனால் சட்டமன்றத்திலேயே கேள்வி வரும். ஏப்ரல், மே உச்சக் கோடை, 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது தை மாதமும் மாசியில் பாதியும். வருடத்துக்கு ஆறேழு வாரம். அதற்குள் எல்லா லைனும் வரிசையில் நிற்கும். பணம் ஒதுக்கியாச்சு, ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்கிறவர்கள் இந்தக் காலண்டரையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸின் தென்கோடியில், 2010களின் முதல் பாதியில், சுமார் 240 மைல் நீளத்துக்கு 345 கே.வி. லைன்களின் கம்பியை மின்சாரத்தை நிறுத்தாமலே மாற்றினார்கள். தற்காலிகமாக இன்னொரு கம்பியைப் பக்கத்தில் தூக்கிக் கட்டி, சுமையை அதற்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துப் போட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கும் ஒரு கடைமடைதான், அங்கேயும் ஷட்டவுன் கொடுக்க முடியாத நிலைமைதான். செலவு அதிகம், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். நம் ஊரில் மின்சாரம் ஓடும்போதே வேலை செய்யும் ஹாட்லைன் குழுக்கள் இன்சுலேட்டர் மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்கின்றன, ஒரு முழு லைனை அப்படி மாற்றுவது என்பது வேறு அளவு.

புதுக் கம்பிக்கு ஒரு கெட்ட குணம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வழியில் சூடாக வீணாவது நாலு மடங்காகும். அதே தடிமனில் இன்னும் கொஞ்சம் அலுமினியம் சேர்த்துச் சுற்றுவதால் மின்தடை ஓரளவு குறையும், ஆனாலும் முழுச் சுமையில் இழப்பு கூடத்தான் செய்யும். வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் நெரிசலாகிற லைனுக்கு இது நல்ல வைத்தியம். எப்போதும் நிரம்பி ஓடுகிற லைனுக்கு வோல்டேஜை உயர்த்துவதுதான் சரி. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் நீண்ட லைனில் போகக்கூடிய மின்சாரம் நாலு மடங்கு. அதனால்தான் தூத்துக்குடியிலிருந்து சேலம், அங்கிருந்து கர்நாடகத்தின் மதுகிரி வரை 765 கே.வி.க்கான கோபுரங்களைக் கட்டி, முதலில் 400 கே.வி.யில் ஓட்டினார்கள். பின்னால் உயர்த்திக்கொள்ளலாம், நிலத்துக்கு இரண்டாவது முறை போய் நிற்க வேண்டாம்.

நிலம் என்றதும் கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு 2018 ஞாபகம் வரும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கே.வி. நேர்மின் லைன், 6,000 மெகாவாட், 1,700 கிலோமீட்டருக்கு மேல். அது வந்து இறங்கும் இடத்தைச் சுற்றி ஈரோடு, திருப்பூர், கோவை விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். சட்டம் நிலத்தைக் கையகப்படுத்தாது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கடன் வாங்கிக் கோபுரத்தை நட்டுவிட்டுப் போகும், நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், ஆனால் அதில் தென்னை வைக்க முடியாது, விற்கப் போனால் விலை இறங்கும். 2015இல் மத்திய மின் அமைச்சகம் சொன்ன இழப்பீடு கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள இடத்துக்கு அதிகபட்சம் 15. 2024இல் அதை 200, 30 என்று திருத்தினார்கள். பத்து வருடம் முன்னாலேயே இந்த அளவு கொடுத்திருந்தால் எத்தனை கோபுரம் எத்தனை மாதம் முன்னால் நின்றிருக்கும் என்று யாராவது கணக்குப் போட வேண்டும். 400 கே.வி. லைன் ஒன்றுக்கு 46 மீட்டர் அகலத்துக்கு இடம் வேண்டும், அந்த அகலத்தில் ஒரு சின்னக் குடும்பத்தின் தோட்டம் முழுவதும் போய்விடும்.

கம்பியையும் மாற்றாமல் நிலத்தையும் கேட்காமல் கொள்ளளவைக் கூட்ட முடியுமா? ஓரளவு முடியும், அதுவும் தெற்கத்திக் காற்று லைன்களில் ரொம்பவே பொருந்தும். எழுதி வைத்த அந்த எண் மோசமான நாளுக்கானது: உச்சி வெயில், விநாடிக்கு அரை மீட்டர் சொச்சம் காற்று, அதாவது இலைகூடச் சரியாக ஆடாத அளவு. முப்பந்தலில் காற்றாலைகள் முழுத் திறனில் சுற்றுகிற நேரத்தில் அப்படி ஒரு காற்றா அடிக்கிறது? லைன் நிரம்புவதற்குக் காரணமான அதே காற்று லைனைக் குளிர்வித்துக்கொண்டும் இருக்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் காற்று குறுக்காக அடித்தால் அதே கம்பி, அதே சூட்டில், ஒன்றரை மடங்கு கொண்டுபோக முடியும். கம்பியில் உணரி மாட்டி, சூட்டையும் தொய்வையும் அளந்து, அந்தந்த நேரத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்வது பெல்ஜியம் போன்ற நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது.

இதில் ஒரு பிடி உண்டு. லைன் என்பது நூற்றுக்கணக்கான கோபுரங்களுக்கு இடையில் தொங்குகிற துண்டுகள், அதில் எது மோசமோ அதுதான் முழு லைனின் எண். கணவாயில் சூறாவளி அடிக்கும்போது பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் மறைவில் காற்றே இல்லாமல் ஒரு துண்டு வெந்துகொண்டிருக்கலாம். காற்று லைனுக்கு இணையாக அடித்தாலும் பலன் குறைவு. 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோவில் வெட்டாமல் விட்ட மரங்களில் தொய்ந்த கம்பிகள் பட்டுத்தான் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் இருந்த சம்பவம் தொடங்கியது, அந்தக் கம்பிகள் எழுதி வைத்த எண்ணைத் தாண்டக்கூட இல்லை. அதனால் உணரி மாட்டுவதற்கு முன்னால் அரிவாளோடு ஒருமுறை லைனைச் சுற்றி வர வேண்டும்.

கிரிட் தாங்காது என்று சொல்வதை எல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. 2021 ஆகஸ்டில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன உத்தரவுகளில் நிறைய, கிரிட்டின் பாதுகாப்புக்காகத் தரப்பட்டவை அல்ல, வணிகக் காரணத்துக்காகத் தரப்பட்டவை என்று அது கண்டது, இழப்பீடு தரவும் சொன்னது. வேறு இடத்தில் மலிவாக மின்சாரம் கிடைத்தால் ஒப்பந்தம் போட்ட இடத்தில் "லைன் ஃபுல்" என்று சொல்லிவிடலாம் அல்லவா. எந்த நேரம் எந்த லைனில் எவ்வளவு சுமை என்று பொதுவில் வெளியிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

நம் கிரிட்டில் உண்மையிலேயே கம்பி இல்லாமல் தவித்த காலமும் இருந்தது. 2012இல் சென்னை தவிர மற்ற ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டு. வடக்கிலும் மேற்கிலும் விற்பனைக்கு மின்சாரம் இருந்தது, கொண்டுவர வழித்தடம் போதவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கே.வி. லைன் ஓடிய பிறகுதான் தென்னக கிரிட் மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. அதுவரை தனியாக நின்றதால்தான் 2012 இருட்டடிப்பில் தெற்கு தப்பித்தது என்பது வேறு விஷயம்.

கயத்தாறு, தேனி மாவட்டம் தப்பக்குண்டு என்று காற்றுக்காகவே 400 கே.வி. துணைமின் நிலையங்கள் வந்தபின் தெற்கின் நெரிசல் முன்போல இல்லை. ஆனால் 2024இல் பழைய காற்றாலைகளைக் கழற்றிப் புதிதாக வைப்பதற்கான கொள்கை வந்திருக்கிறது. 250 கிலோவாட் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் 2.5 மெகாவாட் வந்தால், அது சேரும் 11 கே.வி. ஃபீடரும் 110 கே.வி. துணைமின் நிலையமும் மறுபடி சிறிதாகிப் போகும். காற்று இல்லாத ஆறு மாதம் அந்த லைன்கள் சும்மா கிடக்கின்றன என்பதால், புதுக் கம்பி போடும்போதே அதே நிலையத்தில் சூரிய மின்சாரத்தையும் சேர்க்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன். காற்றும் வெயிலும் ஒன்றாக உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் கொஞ்சம் வீணாகட்டும், அந்தச் சில மணி நேரத்துக்காக இன்னொரு கோபுர வரிசை கட்டுவது அதைவிட வீண்.

இதே கதை இப்போது தெருவுக்குள் வந்துவிட்டது. ஒரு தெருவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து கடைசி வீடு வரை மெலிந்துகொண்டே போகும் கம்பி. அந்தக் கடைசி வீட்டில் மொட்டை மாடியில் சோலார் போடுகிறார்கள், அடுத்த வீட்டிலும் போடுகிறார்கள். மதியம் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் மின்சாரம் கடைமடையிலிருந்து டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பி ஓடுகிறது, தெருக்கோடியில் வோல்டேஜ் 250ஐத் தாண்டுகிறது, இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. வீட்டளவில் இதுவும் பேக்டவுன்தான். புகார் கொடுத்தால் ஆள் வந்து டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி இறக்கி வைப்பார். அந்த டேப்பை மின்சாரம் இருக்கும்போது திருப்ப முடியாது, அதற்கும் லைனை நிறுத்த வேண்டும். மதியப் பிரச்சினை தீரும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது அதே கடைசி வீட்டிலிருந்து இன்னொரு போன் வரும், லோ வோல்டேஜ் என்று.